யார் குரல்? தேவ அழைத்தலும் ஐயமும் பற்றிச் சில குறிப்புகள்

பூந்தமல்லி என்றதும் இயக்கத் தோழர்களுக்கு நினைவில் வருவது தடா நீதிமன்றம்தான். ராஜீவ் கொலை வழக்கில் 26 பேருக்கும் மரண தண்டனை என்று 1998 சனவரி 28 அன்று தீர்ப்புச் சொன்ன இடம். அதே ஊரில் 1936 முதல் திரு இருதயக் குருத்துவக் கல்லூரி இருக்கிறது. தமிழகக் கத்தோலிக்கக் குருக்களில் பல தலைமுறையினர் அங்கே படித்து வெளியே வந்தவர்கள். கோர்ட் வாசலில் டவாலி மூன்று தரம் பேரைக் கூப்பிடுவார், வராவிட்டால் வாரண்ட். கூப்பிட்டது யார், எதற்குக் கூப்பிட்டார் என்பதில் யாருக்கும் குழப்பம் இருக்காது. குருமடத்துக்கு வருகிற பையனையும் பேர் சொல்லித்தான் யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தக் குரல் பக்கத்தில் நின்றவர் காதில் விழுந்ததில்லை. சில வருடம் போனபிறகு அவனுக்கே சந்தேகம் வருகிறது: நெஜமாவே கூப்பிட்டாரா, நானாக் கேட்டேனா? இந்தச் சந்தேகத்துக்குள் என்ன நடக்கிறது, அதற்குள் நின்றுகொண்டு ஒருவர் தன் அழைப்பை நம்புவது என்றால் என்ன என்பதைத்தான் இங்கே பேசப் பார்க்கிறேன்.

சாமி சமாச்சாரம் நமக்கு எதற்கு என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். ஒரு சொல்லை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள் ‘முழுநேர ஊழியம்’ என்கிறார்கள். கம்யூனிஸ்ட் கட்சிகளில் ‘முழுநேர ஊழியர்’ என்கிறோம். வீட்டை விட்டு, வேலையை விட்டு, ஏதோ ஒன்று தன்னைக் கூப்பிட்டது என்று நம்பிப் போனவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். பத்து வருடம் கழித்து ராத்திரியில் தூக்கம் வராமல் புரள்கிறவர்களும் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். கட்சியில் இதற்கு ஒரு மொழி உருவாகவில்லை, ‘சோர்வு’, ‘விலகல்’ என்பதோடு சரி. கிறித்தவத்தில் இரண்டாயிரம் வருடத்து மொழி இருக்கிறது. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பதில் நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

கத்தோலிக்கர்கள் இதைத் ‘தேவ அழைத்தல்’ அல்லது ‘இறையழைத்தல்’ என்கிறார்கள். 1964 முதல் ஆண்டுதோறும் ஒரு ஞாயிறு இதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. புராட்டஸ்டண்டுகளிடம் ‘ஊழிய அழைப்பு’. சொல் எதுவானாலும் நடைமுறையில் ஒரு முரண் உண்டு. அழைப்பு தனிப்பட்டது, கடவுளுக்கும் அந்த ஆளுக்கும் இடையில் உள்ளது. ஆனால் அது உண்மையா என்று சொல்கிற அதிகாரம் நிறுவனத்திடம். ஆண்களுக்கு இளங்குருமடம், மெய்யியல், இறையியல் என்று பல வருடப் படிகள். பெண்களுக்கு நவதுறவு, முதல் வார்த்தைப்பாடு, நித்திய வார்த்தைப்பாடு. ஒவ்வொரு படியிலும் மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒருநாள் ‘உனக்கு அழைத்தல் இல்லை’ என்று அனுப்பிவிடலாம். இந்த வாக்கியத்தின் சௌகரியத்தைக் கவனிக்க வேண்டும். படிப்பு வரவில்லை என்றால் மார்க் ஷீட் கேட்கலாம். ஒழுங்கு போதவில்லை என்றால் என்ன தப்பு செய்தேன் என்று கேட்கலாம். அழைத்தல் இல்லை என்றால் யாரிடம் போய் என்ன கேட்பது? ஊரில் அம்மா ‘எம்புள்ள சாமியாருக்குப் படிக்கிறான்’ என்று சொல்லிக்கொண்டிருப்பாள். பெட்டியோடு திரும்பி வருகிறவனைத் தெரு பார்க்கிற பார்வை தனி.

இந்த அமைப்பைப் புரிந்துகொள்ள நம் பத்திரிகைகளில் அடிபட்டுத் தேய்ந்த அல்துஸ்ஸரின் கட்டுரையே போதும் என்று தோன்றலாம். 1970 இல் வெளிவந்த, கருத்தியல் அரசுக் கருவிகள் பற்றிய கட்டுரை. தெருவில் போலீஸ்காரன் ‘ஏய், உன்னத்தான்’ என்று விளிக்கிறான். திரும்பிப் பார்க்கிறவன் அந்தத் திரும்பலிலேயே தன்னிலை ஆகிவிடுகிறான். நாம் மேற்கோள் காட்டி அலுத்துப்போனது இந்தப் போலீஸ்காரனைத்தான். ஆனால் அதே கட்டுரையின் பிற்பகுதியில் அவர் விரித்து விளக்கும் உதாரணம் கிறித்தவ மதக் கருத்தியல். கடவுள் மோசேயைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். மோசே ‘நான்தான், உம் ஊழியன், பேசும், கேட்கிறேன்’ என்கிற பொருளில் பதில் சொல்கிறான், கீழ்ப்படிகிறான், தன் சனங்களையும் கீழ்ப்படிய வைக்கிறான். பெரிய தன்னிலையின் கண்ணாடியில் சின்னத் தன்னிலைகள் உருவாகின்றன. கட்சிதமாகத்தான் இருக்கிறது.

ஒரு சிக்கல். யாத்திராகமத்தில் மோசே அப்படிப் பேசவில்லை. எரிகிற முட்செடியிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டதும் ‘இதோ இருக்கிறேன்’ என்பதோடு சரி. அதற்குப் பிறகு மூன்றாம், நான்காம் அதிகாரங்கள் முழுக்க அவன் தட்டிக்கழிக்கிறான். நான் யார் பார்வோனிடம் போவதற்கு? உம் பேர் என்னவென்று கேட்டால் என்ன சொல்வது? அவர்கள் என்னை நம்பாவிட்டால்? எனக்கு வாய் சரியாகப் பேச வராதே? கடைசியில் எல்லாம் தீர்ந்துபோய், வேறு யாரையாவது அனுப்பிக்கொள்ளும் என்கிறான். கடவுளுக்கே கோபம் வந்துவிடுகிறது. ‘பேசும், உம் அடியான் கேட்கிறேன்’ என்பது வேறு கதையில், சாமுவேல் முதல் புத்தகத்தில், ஒரு சிறுவன் சொல்வது. அல்துஸ்ஸர் இரண்டையும் கலந்துவிட்டார். கத்தோலிக்க இளைஞர் இயக்கத்தில் வளர்ந்த மனிதர், மறதியாக இருக்கலாம். ஆனால் இந்த மறதியில்தான் அவருடைய கோட்பாடு நிற்கிறது. மோசேயின் தட்டிக்கழிப்பை உள்ளே விட்டால் விளிப்பு அத்தனை சுத்தமாக வேலை செய்யாது.

சாமுவேல் கதை இன்னும் மோசம் (கோட்பாட்டுக்கு). கோவிலில் குருவான ஏலியிடம் விடப்பட்ட பையன். ராத்திரி பேர் சொல்லிக் குரல் கேட்கிறது. எழுந்து ஏலியிடம் ஓடுகிறான்: கூப்பிட்டீரா? இல்லப்பா, போய்ப் படு. இரண்டாம் தரமும் அப்படியே. மூன்றாம் தரமும் அப்படியே. கடவுளின் குரலும் நிறுவனத்தின் குரலும் அவன் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கிறது. மூன்றாம் தரத்தில்தான் ஏலிக்கே விளங்குகிறது. அடுத்த தரம் கூப்பிட்டால் ‘பேசும்’ என்று சொல் என அவரே சொல்லிக்கொடுக்கிறார். பையன் அப்படியே சொல்கிறான். அப்போது அவனுக்குச் சொல்லப்படும் செய்தி என்ன? ஏலியின் வீட்டார்மேல் தீர்ப்பு. ஏலியின் பிள்ளைகள் பலிப்பொருளில் கை வைத்தார்கள், ஏலி அடக்கவில்லை, அந்த வீடு முடிந்தது. முதல் முதலாகக் கடவுளின் குரலைத் தனியாகப் பிரித்துக் கேட்ட பையனுக்கு, தன்னை வளர்த்த குருவுக்கு எதிரான வார்த்தைதான் கிடைக்கிறது. பொழுது விடிகிறவரை பயந்துகொண்டு படுத்துக் கிடக்கிறான். ஏலி கூப்பிட்டு, ஒன்றையும் ஒளிக்காமல் சொல் என்கிறார். கேட்டுவிட்டு ஏற்றுக்கொள்கிறார். அந்தக் கிழவரை எனக்குப் பிடிக்கும்.

குரலைத் தானே கேட்டால் போதாது என்ற எண்ணம் பூந்தமல்லிக்குப் புதிதல்ல. திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் அது. பேரருளாளருக்கு ஆலவட்டம் வீசிக்கொண்டு அவரோடு நேரில் பேசியவர் என்று குருபரம்பரை சொல்கிறது. மனசில் ஐயங்கள் இருந்தும் ராமானுசர் நேராகக் கேட்கவில்லை, பிராமணரல்லாத நம்பியைக் கேட்டுவரச் சொன்னார். கிடைத்தது ஆறு வார்த்தை. ஐந்து தத்துவம், ஆறாவது ஒரு மனிதரின் பேர், பெரிய நம்பியைப் போய்ப் பார் என்று. மாறனேரி நம்பி என்கிற ஒடுக்கப்பட்ட சாதி அடியாருக்கு ஈமக்கடன் செய்து ஊராரின் பேச்சை வாங்கிக்கொண்டவர் அந்தப் பெரிய நம்பி. மரபுக்கதைதான். ஐயத்துக்கான விடை கடைசியில் ஒரு ஆளிடம் போய் நிற்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

சந்தேக காலத்துக்குக் கத்தோலிக்க மரபு தருகிற மருந்து பதினாறாம் நூற்றாண்டில் லொயோலா இஞ்ஞாசியார் எழுதிய ஆன்மிகப் பயிற்சிகளில் இருக்கிறது. தியானம் ருசிக்காமல், கடவுள் தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும் வறட்சியான நாட்களில், நல்ல நிலையில் இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே என்பது அவர் விதி. எளிய விதி, அனுபவசாலியின் விதி. புயலடிக்கும்போது வீட்டுக் கூரையை மாற்றுகிற வேலையில் இறங்கக் கூடாது. ஆனால் இஞ்ஞாசியார் இதைத் தனியாளுக்குச் சொன்னார். தன் மனநிலையைத் தானே அளந்து பார்க்கிறவருக்கு. இதுவே மேலதிகாரியின் வாயில் வரும்போது வேறாகிவிடுகிறது. ‘இது சோதனை, மகளே. பிசாசு அழைத்தலைக் கெடுக்கப் பார்க்கிறது. செபம் பண்ணு.’ நான் பார்த்ததைச் சொல்ல வந்தேன் சிஸ்டர் என்று ஒருத்தி சொன்னாலும், அவள் பார்த்தது அவளுடைய வறட்சியாக மாற்றப்படுகிறது. மனம் சோர்ந்து வரும் ஐயம் ஒன்று, கண் திறந்து வரும் ஐயம் வேறொன்று. இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் இரண்டாவது நோயே இல்லை என்பது மறைந்துபோகும்.

பாமாவின் ‘கருக்கு’ வெளிவந்தது 1992 இல். தலித் இலக்கியம் என்றும், தன்வரலாறு என்றும், பேச்சுமொழியின் கலகம் என்றும் நாம் நிறையப் பேசிவிட்டோம். சரியாகத்தான் பேசினோம். ஆனால் ஒன்றை விட்டுவிட்டோம் என்று படுகிறது. அது ஒரு தேவ அழைத்தல் பிரதி. தமிழில் வந்த அழைத்தல் எழுத்துகளில் அதற்கு இணையானது என் வாசிப்பில் இல்லை. விருதுநகர் மாவட்டக் கிராமத்தில் பிறந்து, படித்து, கன்னியர் நடத்திய பள்ளியில் ஆசிரியையாக இருந்த பெண், தன் சனங்களின் ஏழைப் பிள்ளைகளுக்காக வாழவேண்டும் என்று மடத்தில் சேர்கிறார். ஏதோ ஒரு தெய்வீகப் பரவசத்தில் அல்ல. ஏழைகள்மேல் அக்கறை கொண்ட ஒரு பெண்மணி தொடங்கிய சபை என்று படித்து, அதனால் ஈர்க்கப்பட்டுப் போகிறார். உள்ளே பார்த்தது வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கான பள்ளியும், வசதியான சாப்பாடும், ஏழைமை வார்த்தைப்பாடு என்ற பேரும். சில சபைகளில் தலித் பெண்களைச் சேர்ப்பதே இல்லை என்று பயிற்சிக் காலத்தில் காதில் விழுந்ததையும் எழுதுகிறார். ஏழு வருடம் இருந்தார். பிறகு வெளியே வந்தார்.

இதை ‘விசுவாசம் இழந்த கதை’ என்று சபைக்காரர்களும், ‘மதத்திலிருந்து விடுதலையான கதை’ என்று நம்மவர்களும் வாசித்தார்கள். இரண்டும் ஒரே வாசிப்புதான், ஒன்று அழுதுகொண்டு, மற்றது கைதட்டிக்கொண்டு. புத்தகத்தைத் திரும்பப் புரட்டினால் வேறு தெரிகிறது. பாமாவுக்குக் கடவுள்மேல் வந்த சந்தேகத்தைவிட, கடவுள் பேரில் பேசியவர்கள்மேல் வந்த சந்தேகம்தான் பெரிசு. ஒடுக்கப்பட்டவர்கள் பக்கம் நின்ற, அநீதிக்குக் கோபப்பட்ட இயேசுவை மறைத்துவிட்டு, அடக்கம், பொறுமை, கீழ்ப்படிதல் என்று சொல்லிக்கொடுக்கப்பட்ட இயேசுவைத் தங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்கிறார். இந்த ஒப்பீட்டைச் செய்ய அவருக்கு ஒரு அளவுகோல் இருந்திருக்க வேண்டும். அந்த அளவுகோல் எது? அவரை உள்ளே கூட்டிக்கொண்டு வந்த அந்த அழைப்பேதான். யாரிடம் அனுப்பப்பட்டோம் என்பது ஞாபகம் இருந்ததால்தான், அவர்களிடம் போகவில்லை என்பது உறுத்தியது. அழைப்பு செத்துப்போயிருந்தால் உள்ளேயே இருந்திருக்கலாம். மூன்று வேளைச் சாப்பாடும் ஓய்வுகாலப் பாதுகாப்பும் உள்ள இடம் அது. வெளியே வந்தவருக்குக் கையில் வேலை இல்லை, ஊரோடு ஒட்டவும் முடியவில்லை. பின்னால் பள்ளி ஆசிரியையாகப் பிழைத்துக்கொண்டார். ‘சங்கதி’யும் ‘குசும்புக்காரன்’னும் ‘வன்ம’மும் வந்தன. அது பிறகு. வெளியேறிய அன்றைக்கு அதெல்லாம் தெரியாது.

பாமா கண்டது தனி மடத்தின் கோளாறு இல்லை. ‘கருக்கு’ வருவதற்குச் சற்று முன்பு, 1991 இல், பாப்பரசரின் இந்தியத் தூதர் ஜார்ஜ் சூர், ஒடுக்கப்பட்ட சாதியினரும் பழங்குடியினருமே இந்தியத் திருச்சபையில் பெரும்பான்மை, ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் இல்லை என்று ஆயர்கள் முன்னிலையிலேயே சொன்னார். ஒரு தலித் கர்தினால் வர 2022 ஆக வேண்டியிருந்தது. ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா. ஆக ‘அழைத்தல் இல்லை’ என்று சொல்கிற நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது இறையியல் கேள்வி மட்டுமல்ல. இன்னொரு விளிப்பும் இருக்கிறது. 1950 குடியரசுத் தலைவர் ஆணை கிறித்தவத் தலித்தைப் பட்டியல் சாதி என்று கூப்பிட மறுத்தது. பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன் (1950–2024) எழுதிய ‘சிலுவைராஜ் சரித்திர’த்தில் நாயகன் வேலைக்காக இந்துவாக மாறுகிற இடத்தில் வந்து நிற்கிறான். அண்ணனும் தங்கையும் எழுதிய இரண்டு பிரதிகளையும் சேர்த்து வாசித்தால், ஒரு பெயரால் கூப்பிடப்படுவதற்கு ஒருவர் என்னென்ன கொடுக்கவேண்டியிருக்கிறது என்பது தெரியும்.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு உதாரணம். அன்னை தெரசா. லொரேட்டோ சபைக் கன்னியாக இருந்தவர், 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் போகிற ரயிலில், எல்லாரையும்விட ஏழைகளிடம் போ என்ற அழைப்பைப் பெற்றதாகச் சொன்னார். அழைப்புக்குள் ஓர் அழைப்பு. 1948 இல் மடத்தை விட்டு வெளியே வந்தார். 1950 இல் புதிய சபை. அவர் இறந்து பத்து வருடம் கழித்து, 2007 இல், அவருடைய ஆன்ம குருக்களுக்கு எழுதிய கடிதங்கள் வெளியாயின. அழித்துவிடச் சொல்லி அவரே கேட்டிருந்த கடிதங்கள். புதிய வேலை தொடங்கிய காலத்திலிருந்தே, இடையில் ஒரு சிறு காலம் தவிர, உள்ளே ஒன்றும் கேட்கவில்லை, இருட்டு, கடவுள் இருக்கிறாரா என்றே தெரியவில்லை என்று ஏறக்குறைய ஐம்பது வருடம். அவருடைய கடுமையான விமர்சகர் கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸ் இதைச் சும்மா விடவில்லை. நம் நண்பர்கள் சிலரும் ‘வெளியே சிரிப்பு, உள்ளே சூன்யம், அப்ப வேஷந்தானே’ என்றார்கள். வறுமைக்கான காரணத்தைக் கேட்காமல் வறுமைக்குச் சேவை செய்த அரசியல்மேல் எனக்கும் விமர்சனம் உண்டு. ஆனால் வேஷம் என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. குரல் நின்றுபோன பிறகும், குரல் கைகாட்டிய ஆட்கள் கல்கத்தா நடைபாதையில் கிடந்தார்கள். அவர் நம்பியது தன் உணர்ச்சியை அல்ல, அந்தத் திசையை. உணர்ச்சி வற்றியதும் ஓடிவிடுகிறவர்தான் அதுவரை உணர்ச்சியை நம்பியவர்.

தெரசா ஒரு மடத்திலிருந்து அனுமதி வாங்கி வெளியேறினார், புனிதரானார். பாமா ஒரு மடத்திலிருந்து வெளியேறினார், எழுத்தாளரானார். ஒருவருக்குக் குரல் மௌனமானது, மற்றவருக்குக் குரலின் பேரில் பேசியவர்கள் பொய்யானார்கள். இரண்டு பேரும் பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான்: யாரிடம் போகச் சொன்னது? அழைப்புக்கு இப்படி ஒரு ‘யாரிடம்’ இல்லாதபோதுதான் அது முழுக்க உள்ளே நடக்கும் சமாச்சாரமாகி, ஐயம் வந்ததும் கரைந்துபோகிறது. டி.ஜி.எஸ். தினகரன் (1935–2008) தொடங்கிய ஊழியத்தின் பேர் ‘இயேசு அழைக்கிறார்’. தற்கொலைக்குப் போன இளைஞனாகத் தான் மீட்கப்பட்டதை அவர் சாட்சியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த சாட்சி பல பேரை உயிரோடு வைத்திருக்கிறது, அதைக் கிண்டல் செய்ய மாட்டேன். இலக்கணம் படித்தவன் என்பதால் ஒன்று மட்டும் கேட்பேன். எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது. எதற்கு அழைக்கிறார், யாரிடம் அனுப்புகிறார்?

பூந்தமல்லியிலிருந்து வடக்கே அம்பத்தூர், ஆவடிப் பக்கம் வந்தால் இந்தக் கேள்வி வேறு உருவத்தில் நிற்கிறது. தொழிற்பேட்டை, சைக்கிள் கம்பெனி, டாங்கித் தொழிற்சாலை என்று வளர்ந்த பூமி. சங்கு ஊதினால் எழுந்து, டோக்கன் நம்பரால் அறியப்பட்டு, சூப்பர்வைசர் கூப்பிட்டால் ஓடுகிறவர்களின் குடியிருப்புகளில், தகரக்கூரை போட்ட செபவீடுகள். சென்னைப் புராட்டஸ்டண்டுகளைப் பற்றி லயனல் கேப்லன் 1987 இல் கொண்டுவந்த நூல், பெரிய சபைகளின் மேட்டுக்குடி இறையியல் ஏழைக் கிறித்தவரின் நோவையும் பயத்தையும் கேட்க மறுத்த இடத்தில்தான் இத்தகைய போதகர்கள் வந்தார்கள் என்று காட்டியது. டோக்கன் நம்பர் அல்லாத ஒரு பேரால் கூப்பிடப்படுவது சின்ன விஷயமில்லை. அங்கிருந்துதான் ஒரு லேத் ஆபரேட்டர், ஒரு வெல்டர், தனக்கு ஊழிய அழைப்பு வந்தது என்று வேலையை விடுகிறார். டன்லப் போன்ற ஆலைகள் மூடிய ஊரில் ‘வேல போச்சு, ஊழியம் வந்துச்சு’ என்று நக்கலும் உண்டு. வேலை போனதால் ஒருவருக்குக் காது திறந்திருக்கவும் கூடும். நக்கல் அதை யோசிப்பதில்லை.

இவருக்கு ஐயம் வருவது தத்துவத்தின் வழியாக அல்ல, வாடகை வழியாக. ஆத்துமாக்கள் சேரவில்லை. காணிக்கை கரண்ட் பில்லுக்குக் காணாது. சுவரில் வருடாவருடம் மாட்டிய வாக்குத்தத்த அட்டைகள் வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றும் பெருகப் பண்ணுவேன் என்கிற தோரணையில். பெருகவில்லை. பெண்சாதி எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கப் போகிறாள். அவர் என்ன முடிவெடுப்பார்? ஜெபம் போதவில்லை என்று இன்னும் உபவாசம் இருக்கலாம். அல்லது கூப்பிட்டது மேடைக்கா, இந்தக் குடியிருப்பில் குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறவனைத் தூக்கி உட்கார வைக்கவா என்று தனக்குள் கேட்கலாம். அப்படிக் கேட்டு, திரும்ப மிஷினுக்குப் போய், சாயங்காலத்தில் நாலு வீட்டுக்குப் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். சபையில் இவர்களுக்கு ஒரு பேர் உண்டு: பின்மாற்றக்காரர். மடத்தில் ‘அழைத்தல் இல்லாதவள்’ என்பதுபோல. பவுல் கொரிந்து பட்டணத்தில் பிரசங்கம் செய்த நாட்களில், ஆக்கில்லா வீட்டில் தங்கி அவர்களோடு கூடாரம் பண்ணும் வேலை செய்தார் என்று அப்போஸ்தலர் பதினெட்டாம் அதிகாரம் சொல்கிறது. அவரை யாரும் பின்மாற்றக்காரர் என்று சொன்னதாக அதில் இல்லை.